அழுகையும் நகைப்பும்: அபே அரங்கின் முதல் ஐந்து இரவுகள்

அந்நியராட்சியின் கீழ் வாழும் ஓர் இனம், பிறர் முன்னிலையில் தன்னைப் பார்த்துத் தானே நகைக்கலாமா? அயர்லாந்தின் நாடக வரலாற்றைப் பயில்வோர் முன் எழும் முதல் வினா இதுவேயாகும். டப்ளின் நகரின் அபே அரங்கு 1904ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் திரை தூக்கிய வரலாறு இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில மேடையிலே ஐரிஷ்காரன் என்பவன் குடித்து உளறும் கோமாளியாகவே பெரிதும் காட்டப்பட்டான். இவ்விழிவைத் துடைப்பதே தம் நோக்கம் என 1897இல் கவிஞர் யேற்ஸ், கிறெகரி சீமாட்டி, எட்வேட் மாட்டின் ஆகியோர் அறிக்கை விடுத்தனர். அயர்லாந்து கோமாளித்தனத்தின் தாயகமன்று, தொன்மையான இலட்சியங்களின் தாயகம் என்பதை மேடையில் நிலைநாட்ட அவர்கள் விழைந்தனர்.

எனினும், நாடகத்தை நடத்த நடிகர் வேண்டுமன்றோ? அவர்களைத் தந்தவர்கள் வில்லியம் ஃபே, பிராங் ஃபே என்னும் சகோதரர்கள். முன்னவர் மின்வேலை செய்தவர்; பின்னவர் அலுவலக எழுதுவினைஞர். பகலில் கடைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து, மாலையில் ஊதியமின்றி ஒத்திகை பார்த்த இளைஞரும் யுவதியரும் அவர்களது குழுவில் இருந்தனர். வில்லியம் நகைச்சுவை நடிப்பில் வல்லவர். பிராங் செய்யுளை ஒலிக்கும் முறையில் நுண்மை கண்டவர். பின்னர் தோன்றிய அரங்கின் இருமுகமும் இவ்விருவரிடத்தே கருக்கொண்டிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

நிலையான அரங்கு ஒன்றை அமைக்கும் பொருள் வசதி இவர்களிடம் இருக்கவில்லை. ஆங்கிலேயத் தேயிலை வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த அனி ஹோர்னிமன் என்னும் பெண்மணி, அபே வீதியிலிருந்த பழைய சிற்றரங்கொன்றையும் அதனையடுத்த பிணவறைக் கட்டடத்தையும் பெற்றுத் திருத்தியமைக்கப் பணம் உதவினார். அவர் அயர்லாந்தில் வதியாதவராதலால், அரங்குக்கான உரிமப் பத்திரம் கிறெகரி சீமாட்டியின் பெயரிலே பெறப்பட்டது.

முதலிரவில் மூன்று ஓரங்க நாடகங்கள் மேடையேறின. யேற்ஸின் ‘பெயிலின் கரையில்’ என்பது, தன் மகனென்று அறியாது அவனைக் கொன்ற வீரன் குஹூலினின் அவலத்தைக் கூறுவது. ‘கத்லீன் நி ஹூலிஹன்’, நாட்டையே முதியவளாக உருவகித்துத் தியாகத்துக்கு அழைப்பது. இவற்றோடு கிறெகரி சீமாட்டியின் ‘செய்தி பரப்புதல்’ என்னும் நகைச்சுவை நாடகமும் இடம்பெற்றது. மறுநாள் ‘கத்லீன்’ நாடகத்துக்குப் பதிலாக ஜோன் சிங்கின் ‘பள்ளத்தாக்கின் நிழலில்’ ஆடப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிநிரல்களும் மாறிமாறி ஐந்து இரவுகள் நடைபெற்றன.

கோமாளித்தனத்தை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் ஏன் நகைச்சுவையை நாடினர்? ‘செய்தி பரப்புதல்’ முதலில் அவல நாடகமாகவே தம் மனத்தில் உருவாயிற்று என்றும், உயர்ந்த செய்யுள் நாடகங்களின் அருகே வைப்பதற்கு நகைச்சுவையே வேண்டியிருந்தமையால் அதனை மாற்றியதாகவும் கிறெகரி சீமாட்டி குறித்துள்ளார். சந்தையில் ஒருவன் மறந்துவிட்டுச் சென்ற வைக்கோல் முட்கோலை மற்றொருவன் திருப்பிக் கொடுக்க ஓடுகிறான். காது கேளாத பழக்காரியொருத்தியிடம் தொடங்கும் பேச்சு, வாய்க்கு வாய் வளர்ந்து, அவன் கொலை செய்துவிட்டான் என முடிகிறது. அந்தமான் தீவுகளில் பணியாற்றி வந்த புதிய நீதவான் அதனை நம்புகிறார். ‘கொலையுண்டவன்’ உயிரோடு எதிரே வந்து நிற்கும்போதும் நம்ப மறுக்கிறார். ஊராரின் வாய்ச்சளப்பைப் பார்த்து நகைக்கத் தொடங்கிய அவையோர், தம் கீழுள்ள மக்களை அறியாத ஆட்சியாளரைப் பார்த்து நகைத்து முடிக்கின்றனர். பழைய கோமாளிக்கும் இந்நகைப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது வெளியார் சிரிப்பதற்காக ஆக்கப்பட்டது. பின்னது தம்மவரை அறிந்தவர் தம்மவருக்காக ஆக்கியது.

யேற்ஸின் அவல நாடகத்திலும் இந்நகைப்பு கலந்துள்ளது. வெறிகொண்ட வீரன் கடலலைகளோடு போரிட, அதனைக் காண ஊரே ஓடிவிட்ட வேளையில், குருடனும் மூடனும் வீடுகளின் அடுப்புகளிலிருந்து ரொட்டியைத் திருடப் புறப்படுகின்றனர். வீரம் அழியுமிடத்தும் வயிறு தன் வேலையை மறப்பதில்லை.

ஆயினும் தன்னைப் பார்த்து நகைப்பதை ஒரு சமூகம் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. 1907 ஜனவரி 26இல் சிங்கின் ‘மேற்குலகின் விளையாட்டு வீரன்’ மேடையேறியபோது, தந்தையைக் கொன்றதாகக் கூறுபவனைக் கிராமத்தவர் போற்றுவதாகக் காட்டியது தேசியவாதிகளைச் சினங்கொள்ளச் செய்தது. அவையில் ஆரவாரம் மூண்டது, பொலிசார் அழைக்கப்பட்டனர். எதிர்த்தவர்களை வெறும் அறிவிலிகளென ஒதுக்குதல் நியாயமன்று. நெடுங்காலம் இழிவுபடுத்தப்பட்டவனுக்கு, தன்னவன் செய்யும் கேலியும் பகைவனின் குரலாகவே கேட்கும். ஆயினும் நாடகம் அவ்வாரம் முழுவதும் நடத்தப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின், 1925இல் புதிய அரசே இவ்வரங்குக்கு மானியம் வழங்கிற்று.

ஆண்டுதோறும் நாடகம் தெரிவுசெய்ய அமரும் மாணவராகிய நாமும் இவ்வரலாற்றைச் சிந்தித்தல் தகும். துயர நாடகமே கனமானது, நகைச்சுவை இடைவேளையை நிரப்புவது என்னும் எண்ணம் நம்மிடையேயும் உண்டு. தன் துயரை மட்டும் மேடையேற்றும் சமூகம் தன்னைப் பாதியே காண்கிறது. மறுபாதியைக் காட்டத் துணிவும் வேண்டும். காட்டுவோனுக்கு அம்மக்கள் மீது அன்பும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமையாற்போலும், அந்த ஐந்து இரவுகள் இன்றும் பேசப்படுகின்றன.