கைக்கேற்ற கருவி



சிங்கப்பூரில் புக்கிட் மேரா என்றொரு வட்டாரம் உண்டு. மலாய் மொழியில் அதற்குச் செங்குன்று என்று பொருள். அந்தப் பெயருக்கு ஒரு பழங்கதை சொல்வார்கள். கூரிய மூக்குடைய தோடாக் மீன்கள் கூட்டமாகக் கரைக்குப் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றனவாம். அரசனின் படையாலும் தடுக்க முடியவில்லை. வாழைத் தண்டுகளைக் கரையோரம் வேலியாக அடுக்குங்கள் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னான். மீன்கள் வாழையில் குத்திச் சிக்கிக்கொண்டன, ஊர் பிழைத்தது. ஆனால் சிறுவனின் அறிவுக்கு அஞ்சிய அரசன் அவனைக் கொல்லச் செய்தான். அவன் இரத்தத்தால் குன்று சிவந்தது என்று கதை முடிகிறது.

யாரிடமிருந்து நல்ல யோசனை வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை மட்டும் இக்கதையிலிருந்து எடுத்துக்கொள்வோம். இதே புக்கிட் மேராவில் இன்று உடற்குறை உடையவர்களுக்கான துணைக்கருவிகளைக் காட்டும் நிலையம் ஒன்று இருக்கிறது. அவ்வகைக் கருவிகளில் ஒன்றான விளையாட்டுக் கருவியின் வரலாற்றை இன்று காண்போம்.

தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் வீடியோ விளையாட்டைப் பிள்ளைகள் அறிவார்கள். அதற்குக் கையில் பிடிக்கும் கருவியைக் கன்ட்ரோலர் என்கிறோம். இரண்டு கைகளாலும் பிடித்து, கட்டைவிரல்களாலும் ஆட்காட்டி விரல்களாலும் பொத்தான்களை அழுத்த வேண்டும். இரு கையும் பத்து விரலும் தடையின்றி இயங்கும் என்று எண்ணியே அதைச் செய்தார்கள். ஒரு கை இல்லாதவர் என்ன செய்வார்? பிறவியிலேயே தசை இறுகிய பிள்ளை என்ன செய்யும்?

இதற்கு விடை தேடிய வரலாறு விளையாட்டு மைதானத்தில் தொடங்கவில்லை, மருத்துவமனையில் தொடங்கியது. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னும் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். 1960ஆம் ஆண்டு வாக்கில் அங்கு வந்த ரெக் மேலிங் என்பவர், கை கால் அசையாத நோயாளிகள் உதவிக்கு ஆள் அழைக்க ஒரு விசில் மட்டுமே வைத்திருப்பதைக் கண்டார். ஊதும் மூச்சு இருக்கிறதே, அதைக் கொண்டு வேறு வேலையும் செய்யலாமே என்று எண்ணினார். குழாயில் ஊதியும் உறிஞ்சியும் மின்விளக்கையும் தட்டச்சுப் பொறியையும் இயக்கும் போஸம் என்னும் கருவி அப்படிப் பிறந்தது.

1970களில் வீடியோ விளையாட்டு வீடுகளுக்கு வந்தது. அக்காலத்துக் கருவிகள் சிலவற்றில் ஒரு கோலும் ஒரு பொத்தானும் மட்டுமே. 1981ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் பொறியாளர் கென் யாங்கலவிட்ஸ் வாயால் இயக்கும் கருவிகளைச் செய்து கொடுக்கத் தொடங்கினார். 1989ஆம் ஆண்டில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் மார்பில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றை வெளியிட்டது. தாடையால் கோலை அசைக்கலாம்; குழாயில் ஊதியும் உறிஞ்சியும் பொத்தான் வேலையைச் செய்யலாம். ஆனால் இவையெல்லாம் சிலருக்கே கிட்டின. இதற்கிடையில் சாதாரணக் கருவிகளில் பொத்தான்கள் பெருகின. 1990களில் கோல்களும் இரண்டாயின. உடற்குறை உடையவர்கள் மேலும் பின்தங்கினார்கள்.

அவர்களுக்காக அமெரிக்காவில் 2004இல் ஏபிள்கேமர்ஸ் என்னும் அமைப்பும், இங்கிலாந்தில் 2007இல் ஸ்பெஷல்எஃபெக்ட் என்னும் அமைப்பும் தோன்றின. இத்தகைய அமைப்புகளையும் உடற்குறை உடைய ஆட்டக்காரர்களையும் கலந்து பேசி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018இல் புதிய கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மேல் உள்ளங்கை அளவில் இரண்டு பெரிய பொத்தான்கள். பின்புறத்தில் வரிசையாக 19 துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு பொத்தானின் வேலைக்கு உரியது. அதில் தனிச் சுவிட்ச் ஒன்றைச் செருகி, அதை முழங்காலுக்கு அருகிலோ பாதத்தின் கீழோ கன்னத்தின் பக்கமோ வைத்துக்கொள்ளலாம். ஐந்து சுவிட்ச் வேண்டியவருக்கு ஐந்து. ஒன்று போதும் என்றால் ஒன்று. அத்துளைகள் பழைய ரேடியோப் பெட்டியில் காதுக்கருவி செருகும் துளையின் அளவே. எனவே சிறு பட்டறையில் செய்த சுவிட்சையும் அதில் பொருத்தலாம். 2023இல் சோனி நிறுவனமும் இத்தகைய கருவியை வெளியிட்டது.

இனிப் புக்கிட் மேராவுக்கு வருவோம். அங்கே லெங்கோக் பாரு சாலையில் முன்பு தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அந்தக் கட்டடங்களைப் புதுப்பித்து 2015ஆம் ஆண்டு டிசம்பரில் எனேபிளிங் வில்லேஜ் என்னும் வளாகத்தைத் திறந்தார்கள். அதனுள் இருப்பதுதான் டெக் ஏபிள் என்னும் அந்த நிலையம். அதே வட்டாரத்தின் தியோங் பாரு பகுதியில், 1964இல் தொடங்கிய எஸ்பிடி என்னும் தொண்டு நிறுவனமும் இருக்கிறது.

இத்தகைய வேலையில் முதற்கேள்வி, “உன்னால் என்ன முடியாது?” என்பதன்று. “எந்த அசைவு உனக்கு வலியில்லாமல், களைப்பில்லாமல் வருகிறது?” என்பதே. தலையைச் சாய்ப்பது எளிதென்றால் சுவிட்ச் தலையருகே போகும்.

நேயர்களே, இது நமக்குப் புதிய பாடம் அன்று. பால்மரம் சீவுபவர் தம் கத்தியைத் தம் கைக்கு ஏற்றபடி தீட்டி, பிடியில் துணி சுற்றி வைத்துக்கொள்வதில்லையா? வேலைக்கு அப்படிச் செய்கிற நாம் விளையாட்டுக்குச் செய்வதில்லை. லயத்து வாசலில் மற்றப் பிள்ளைகள் ஆடும்போது, கால் வராத பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறது. “அவனுக்கு எதற்கு விளையாட்டு?” என்கிறோம். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கை, உடற்குறை உடைய பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே விளையாட வழியிருக்க வேண்டும் என்கிறது. மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் அதை உறுதி செய்தன.

விலையுயர்ந்த கருவி எல்லார் வீட்டுக்கும் உடனே வராது. ஆனால் பல்லாங்குழி வரும். புளியங்கொட்டையைப் பிடிக்க வராத விரலுக்கு ரப்பர்க்கொட்டை பெரிதாக, வாகாக இருக்கும். அதுவும் முடியாவிட்டால், பிள்ளை கண்ணால் குழியைக் காட்டட்டும். தங்கை எடுத்துப் போடட்டும். எந்தக் குழி என்று முடிவு செய்வது அந்தப் பிள்ளையாகவே இருக்கட்டும். இன்று மாலையே அப்படி ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.