கடமையும் குடும்பமும் காத்த பெரியார்: சேர். பொன்னம்பலம் அருணாசலம்

வீட்டுக்கு நல்ல தலைவராகவும், ஏற்ற உத்தியோகத்துக்கு நேர்மையான ஊழியராகவும், சமயத்துக்கு உண்மை அடியாராகவும் ஒருங்கே வாழ்வது எல்லோருக்கும் கைகூடுவதன்று. அங்ஙனம் வாழ்ந்து காட்டியவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். கொழும்பிலே பிறந்து கொழும்பிலே புகழ்பெற்ற அப்பெரியாரைப் பூண்டுலோயாவிலுள்ள நாம் நினைவுகூர வேண்டியதென்ன என்று நம் மூத்தோர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அதற்குரிய விடை அவருடைய வரலாற்றிலேயே இருக்கின்றது.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி, மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பல முதலியாருக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் இளைய மைந்தராக அவர் தோன்றினார். குமாரசுவாமியும் இராமநாதனும் அவருடைய தமையன்மார். சேர். முத்துக்குமாரசுவாமி தாய்மாமன். பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் பயின்று, புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜ் சென்று, அங்கே கிறைஸ்ற் கல்லூரியிற் கற்றார். 1875இல், போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர் என்னும் பெருமையைப் பெற்றார்.

அக்காலத்தில் மாகாணங்களை ஆளும் ஏஜண்டர் பதவிகள் ஐரோப்பியருக்கே உரியனவாயிருந்தன. இந்நாட்டவர் சிவில் சேவையிற் புகுந்தாலும் பெரும்பாலும் நீதிமன்றங்களுக்கே அனுப்பப்பட்டனர். அருணாசலமும் ஊரூராக மாற்றலாகி நீதிபதியாகக் கடமை பார்த்தார். 1887இல் தேசாதிபதி சேர். ஆதர் கோர்டன், மூத்தோர் பலரைக் கடந்து அவரைப் பதிவாளர் நாயகம் பதவியில் அமர்த்தியபோது ஐரோப்பிய உத்தியோகத்தரிடையே முணுமுணுப்பு எழுந்தது. அதற்கு அவர் வேலையாலேயே மறுமொழி கூறினார். காணி உறுதிகளின் பதிவையும், பிறப்பு இறப்புப் பதிவையும் சீர்ப்படுத்தினார். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தி அவர் எழுதிய அறிக்கை, இலங்கையின் மக்களையும் சமயங்களையும் மொழிகளையும் பற்றிய அரிய நூலாகவே மதிக்கப்படுகின்றது. இலங்கை முழுவதிலும் சுமார் 35 லட்சத்து 66 ஆயிரம் பேர் இருந்தனர் என அக்கணக்குக் காட்டியது. அவருள் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். நம் பாட்டன், பூட்டன்மார் அவர்களே.

பதிவேடு வெறும் காகிதமன்று என்பதை நம்மைப்போல் அறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ மூதாதையரோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று காட்டு என்று கேட்டபோது, அச்சான்று இல்லாமல் எத்தனை குடும்பங்கள் நாடற்று நின்றன! 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அத்துயரம் முற்றாகத் தீரவில்லை. ஒரு பிறப்பைச் செம்மையாக எழுதிவைக்கும் உத்தியோகத்தன், அக்குழந்தையின் பேரனுக்கும் உபகாரம் செய்கின்றான்.

இனி அவருடைய இல்லறத்தை நோக்குவோம். 1883இல் சுவர்ணம் அம்மையாரை மணந்தார். மைந்தருள் ஒருவரான சேர். அருணாசலம் மகாதேவா, தந்தையைப் பின்பற்றிப் பொதுவாழ்விற் புகுந்து 1942இல் உள்நாட்டு மந்திரியானார். தந்தையார் கொழும்பு கொச்சிக்கடையில் அமைத்த பொன்னம்பலவாணேசர் கோயில் அக்குடும்பத்தின் உயிர்நிலை. தமையனார் இராமநாதன் அதனைக் கருங்கற் கோயிலாக எடுப்பித்தார். தம்பியாரோ திருவாசகப் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சைவ ஞானத்தை விளக்கித் தம் கேம்பிறிட்ஜ் நண்பர் எட்வேட் காப்பென்ரருக்குக் கடிதங்கள் எழுதினார். அந்நியர் ஆட்சியில் உயர் பதவி வகித்தும், மேல்நாட்டுக் கல்வி கற்றும், குலதெய்வத்தையும் தாய்மொழியையும் அவர் கைவிட்டாரில்லை. கிறிஸ்தவப் பாடசாலைகளிற் படித்த என் போன்ற சைவப் பிள்ளைகளுக்கு இஃது ஒரு நல்ல வழிகாட்டி.

38 ஆண்டுச் சேவைக்குப் பின் 1913இல் அவர் ஓய்வு பெற்றார். சட்ட நிரூபண சபையிலும் நிர்வாக சபையிலும் இருந்து பார்த்தவர் அவர். பென்சனைப் பெற்றுப் பேரப்பிள்ளைகளோடு அமைதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த பகுதி அதன் பின்னரே தொடங்கியது.

அந்நாளில் தோட்டத் தொழிலாளியின் நிலை யாது? 1865ஆம் ஆண்டின் தொழிற்சட்டப்படி, அறிவித்தல் கொடாமல் வேலையை விட்டு நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதன்மேல் ‘துண்டு’ என்னும் முறை. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். கங்காணி அதனைக் கொண்டுபோய் மற்றொரு தோட்டத்தில் காட்டுவார். புதிய துரை கடனைக் கட்டி ஆட்களை ஏற்றுக்கொள்வார். தோட்டம் மாறும், கடன் மாறாது. துண்டோடு மனிதனும் கைமாறினான்.

அருணாசலம் உத்தியோகத்திலிருந்த காலமெல்லாம் அவ்வரசாங்கத்தின் சட்டங்களையே நடத்திவைத்தவர் என்பது உண்மை. கட்டு நீங்கியதும் அச்சட்டத்தின் கொடுமையை எதிர்த்தே குரல் எழுப்பினார். 1915இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1919இல் மலைநாட்டிலிருந்து எழுந்த சட்டத்தரணி பெரி. சுந்தரம் அவர்களுடன் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தையும் நிறுவினார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்தது. அதனைக் காண அவர் இருக்கவில்லை.

1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். தமிழர் பிரதிநிதித்துவம் பற்றிய வாக்குறுதி காக்கப்படாமையால் 1921இல் அதினின்றும் விலகினார். பின்னர்த் தலயாத்திரை சென்றவிடத்து, 1924 ஜனவரி 9ஆம் திகதி, மதுரையம்பதியிலே சிவபதமடைந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் விடுதி அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

இளைஞர்களே, நம்மில் இன்று பலர் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் கிராம உத்தியோகத்தராகவும் கடமைக்குச் செல்கின்றோம். நம் மேசைக்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் பின்னும் ஒரு லயத்து வீடு இருக்கின்றது. அதனை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பாதிருப்போமாக. வீட்டாரைப் பேணி, வேலையில் நேர்மை காத்து, ஓய்வு பெற்ற பின்னும் எளியோர் பக்கம் நிற்போமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் நினைவு வழிபாடாகும். எல்லாம் வல்ல சிவபெருமான் அருள் புரிவாராக.