இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்: வெளிநாட்டுப் பயணிகளுக்கான வழிமுறைகள்

இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும் டிக்கெட்டை வெளியிடுவது, அந்த ஆட்டத்தைத் தன் மைதானத்தில் நடத்தும் கிளப். முதலில் கேட்டவருக்கு முதலில் என்ற முறையில் பெரிய கிளப்புகள் டிக்கெட் விற்பதில்லை. நெடுங்கால ஆதரவாளருக்கு முன்னுரிமை தரும் படிநிலை ஒன்று வழக்கத்தில் உள்ளது. அதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. இந்தப் படிநிலையை அறியாமல் போகும் பயணிகள் பலர் கள்ளச்சந்தையில் பணத்தை இழக்கிறார்கள். அறிந்தவருக்கு நேர்வழிகள் பல திறந்திருக்கின்றன.

விற்பனைப் படிநிலை

1992இல் தொடங்கிய பிரீமியர் லீக்கில் 20 கிளப்புகள் ஆடுகின்றன. ஆகஸ்ட் முதல் மே வரை நீளும் ஒரு பருவத்தில் ஒவ்வொரு கிளப்பும் 38 லீக் ஆட்டங்கள் ஆடும். அவற்றில் 19 மட்டுமே சொந்த மைதானத்தில் நடக்கும். இந்த 19 ஆட்டங்களுக்கும் சேர்த்து விற்கப்படும் சீசன் டிக்கெட், அரங்கின் பெரும்பகுதியை முன்கூட்டியே நிரப்பிவிடுகிறது. ஒருமுறை கிடைத்த இருக்கையை ஆண்டுதோறும் புதுப்பித்து வைத்திருப்பவர்கள் ஏராளம். சீசன் டிக்கெட்டுக்காகப் பல கிளப்புகளில் ஆண்டுக்கணக்கில் நீளும் காத்திருப்போர் பட்டியலும் உண்டு.

எஞ்சும் இருக்கைகள் அடுத்ததாகக் கட்டண உறுப்பினர்களுக்குச் செல்கின்றன. லிவர்பூல், ஆர்சனல் போன்ற கிளப்புகளில் உறுப்பினர்களுக்குள்ளேயே குலுக்கல் நடத்தித்தான் டிக்கெட் ஒதுக்கப்படுகிறது. உறுப்பினர்கள் வாங்கியது போக மீதி இருந்தால் மட்டுமே அது பொது விற்பனைக்கு வரும். பெரிய கிளப்புகளில் அந்த நிலை அரிது.

பயணிக்கு உள்ள நேர்வழிகள்

வெளிநாட்டவரும் கட்டணம் செலுத்தி உறுப்பினராகலாம். பொதுவாக ஓர் உறுப்பினருக்கு ஓர் ஆட்டத்தில் ஒரு டிக்கெட்தான் கிடைக்கும் என்பதால், குடும்பமாகச் செல்வோர் தனித்தனியே சேர வேண்டும். குலுக்கலும் உறுப்பினர் விற்பனையும் ஆட்டத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடுவது வழக்கம். பயணம் உறுதியான பிறகு சேர்ந்தால் அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

அடுத்த வழி, கிளப் தானே நடத்தும் மறுவிற்பனை. ஆட்டத்துக்கு வர இயலாத சீசன் டிக்கெட்காரர் தம் இருக்கையைக் கிளப்பின் இணையதளம் வழியே விட்டுக்கொடுப்பார். கிளப் அதை மற்ற உறுப்பினருக்கு விற்கும். ஆட்டம் நெருங்க நெருங்க இப்படி வரும் இருக்கைகள் கூடும். குலுக்கலில் பெயர் வராத பயணிக்கு இதுவே சிறந்த வாய்ப்பு.

உணவும் ஓய்வறை வசதியும் சேர்ந்த ஹாஸ்பிட்டாலிட்டி டிக்கெட் விலை மிகுந்தது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை.

மறுவிற்பனைத் தடை

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலின் விளைவாக 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தனர். அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990இல் வெளிவந்தது. முதன்மை லீக்குகளின் அரங்குகளில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றும், கள்ள டிக்கெட் விற்பனையைக் குற்றமாக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. 1994இன் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, அனுமதியின்றிக் கால்பந்து டிக்கெட் விற்பதைக் குற்றமாக்கியது.

இதன் முதன்மை நோக்கம் எதிரெதிர் ரசிகர்களைப் பிரித்து வைப்பது. யார் எங்கே அமர்கிறார் என்பது கிளப்புக்குத் தெரியாமல் போனால் அந்தப் பிரிவினை குலைந்துவிடும். எனவே வாங்கிய விலைக்கே விற்றாலும் அது குற்றம்தான். அரங்க வாசலில் நிற்கும் தரகரிடமோ, அனுமதி பெறாத இணையதளத்திலோ வாங்கிய டிக்கெட்டை எந்த நேரத்திலும் கிளப் ரத்து செய்யலாம். வாங்கியவர் வாசலோடு திரும்ப நேரிடும்.

வெளியூர் ரசிகர் பகுதி

பிரீமியர் லீக்கில் விருந்தினராக வரும் அணியின் ரசிகர்களுக்கு 3,000 இருக்கைகள் வரை ஒதுக்கப்படுகின்றன. சிறிய அரங்குகளில் மொத்தக் கொள்ளளவில் 10 சதவீதம். 2016–17 பருவம் முதல் இந்த டிக்கெட்டின் விலை 30 பவுண்டைத் தாண்டக் கூடாது. இவை தொடர்ந்து வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும் தீவிர ஆதரவாளருக்கே கிடைப்பதால் பயணிகள் இவற்றை நம்பித் திட்டமிட முடியாது. உள்ளூர் ரசிகர் பகுதியில் எதிரணியின் சட்டை அணிந்து அமர்ந்தால் காவலர்கள் வெளியேற்றிவிடுவார்கள்.

நாள் மாற்றம்

பருவத்தின் ஆட்ட அட்டவணை பொதுவாக ஜூன் மாதம் வெளியாகும். ஆனால் அதிலுள்ள நாட்கள் இறுதியானவை அல்ல. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகச் சனிக்கிழமை ஆட்டம் வெள்ளி, ஞாயிறு அல்லது திங்களுக்கு மாற்றப்படலாம். கோப்பை ஆட்டங்களாலும் நாள் மாறும். எனவே ஆட்டத்தின் முன்னும் பின்னும் ஓரிரு நாள் இடைவெளி விட்டு விமானப் பயணத்தை அமைப்பது நல்லது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காகப் பிரீமியர் லீக் இடைவேளை விடும்.

எளிதில் கிடைக்கும் ஆட்டங்கள்

பிரீமியர் லீக்கின் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என மூன்று பிரிவுகளில் 72 கிளப்புகள் உள்ளன. இவற்றின் பெரும்பாலான ஆட்டங்களுக்கு உறுப்பினராகாமலே டிக்கெட் வாங்கலாம். நாட்டிங்ஹாமில் ஃபாரஸ்ட் அணியின் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காதவர் டிரென்ட் ஆற்றின் மறுகரைக்குச் சென்றால் 1862இல் தொடங்கப்பட்ட நாட்ஸ் கவுன்ட்டியின் மெடோ லேன் மைதானம் இருக்கிறது. உலகின் மிகப் பழைய தொழில்முறைக் கால்பந்து கிளப் அது. இங்கிலாந்துக் கால்பந்து வேர்விட்டு வளர்ந்தது இத்தகைய கிளப்புகளில்தான். தலைமுறை தலைமுறையாக ஒரே மைதானத்துக்கு வரும் குடும்பங்களின் நடுவே அமர்ந்து பார்க்கும் ஆட்டம், பெரிய அரங்கின் ஆட்டத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல.

மகளிர் சூப்பர் லீக் இன்னொரு நல்ல வாய்ப்பு. ஆர்சனல் மகளிர் அணி ஆடவர் அணியின் எமிரேட்ஸ் அரங்கிலேயே ஆடுகிறது. டிக்கெட் விலை ஆடவர் ஆட்டத்தைவிட மிகக் குறைவு. கோப்பைப் போட்டிகளின் தொடக்கச் சுற்றுகளிலும் பெரிய கிளப்புகளின் டிக்கெட் ஓரளவு எளிதாகக் கிடைக்கும்.

அரங்கில்

பெரும்பாலான பெரிய கிளப்புகளில் காகித டிக்கெட் மறைந்துவிட்டது. கைப்பேசியில் இறக்கிய டிக்கெட்டை வாசலில் உள்ள கருவியில் காட்டினால்தான் கதவு திறக்கும். ஆகவே ஊரிலிருந்து புறப்படும் முன்பே கிளப்பின் கணக்கில் நுழைந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆடுகளம் கண்ணில் படும் இருக்கைகளில் அமர்ந்து ஆட்டத்தின்போது மது அருந்தத் தடை உண்டு. பார்வையாளர் ஆடுகளத்துக்குள் இறங்குவது 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பிற நாடுகள்

இத்தாலியில் டிக்கெட்டில் பார்வையாளரின் பெயர் அச்சிடப்படுகிறது. நுழைவாயிலில் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். ஜெர்மனியில் பல கிளப்புகளின் டிக்கெட்டைக் கொண்டே ஆட்ட நாளில் உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் செல்லலாம். டோர்ட்முண்ட் அரங்கின் தெற்குப் பகுதியில் லீக் ஆட்டங்களின்போது ஏறத்தாழ 25,000 பேர் நின்றபடியே பார்க்கிறார்கள். ஸ்பெயினின் பார்சலோனாவில் உறுப்பினர்கள் விட்டுக்கொடுக்கும் இருக்கைகளைக் கிளப்பே பொதுமக்களுக்கு விற்கிறது.