கிழமை யாருக்குச் சொந்தம்?

தமிழன் வைத்த கிழமைப் பெயர்களைத்தான் உலகமே காப்பியடித்தது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றி வரும். ஒரு காலத்தில் நானும் அதை நாலு பேருக்கு அனுப்பியவன்தான். சண்டே என்றால் சூரியன், ஞாயிறும் சூரியன். மண்டே என்றால் நிலா, திங்களும் நிலா. வேறென்ன ஆதாரம் வேணும் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சின்னக் கேள்வி வந்தது. ஞாயிறுக்கு அடுத்து ஏன் திங்கள்? அதற்கு அடுத்து ஏன் செவ்வாய்? வானத்தில் எதுவும் இந்த வரிசையில் இல்லையே!

பதில் நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. தினசரி காலண்டரில் ஹோரை அட்டவணை என்று ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் விஷயமே.

பழைய வானியலார் கோள்களை மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை அடுக்கினார்கள். வானத்தை ஒரு முறை சுற்றிவர சனிக்கு 29 ஆண்டுக்கு மேல் ஆகும், வியாழனுக்குச் சுமார் 12, செவ்வாய்க்கு 2க்குச் சற்றுக் குறைவு. பிறகு சூரியன், வெள்ளி, புதன், கடைசியில் 27 நாளில் சுற்றிவிடும் நிலா. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கோள் அதிபதி. நாளின் முதல் மணிக்கு யார் அதிபதியோ, அந்த நாளே அவருடையது.

இப்போது விரல் விட்டு எண்ணுங்கள். முதல் மணி சனி. ஏழேழாக மூன்று சுற்று போனால் 21 மணி முடிந்தது. 22 சனி, 23 வியாழன், 24 செவ்வாய். மறுநாள் முதல் மணி? சூரியன்! அதனால்தான் சனிக்கு அடுத்து ஞாயிறு. அதே கணக்கில் ஞாயிறுக்கு அடுத்து திங்கள் வரும். கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டரும் ஆரியபட்டீயத்தில் இதே விளக்கத்தைத்தான் தருகிறார்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இந்தக் கணக்குக்கு நாளை 24 ஆகப் பிரிக்கணும். நம்ம கணக்கோ 60 நாழிகை. நாழிகைக்கு ஒரு கோள் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். சனிக்கு அடுத்து வெள்ளி, அப்புறம் வியாழன், புதன் என்று வாரம் அப்படியே பின்னோக்கி நடக்கிறது! ஹோரை என்ற சொல்லே கிரேக்க ‘ஹோரா’தான். ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே.

கல்வெட்டுகளும் இதையே சொல்கின்றன. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரச் சுவர்களில் கோள்களின் பெயரில் கிழமைகள் கீறப்பட்டிருக்கின்றன. அசோகர் கல்வெட்டுகளில் நட்சத்திரம் உண்டு, கிழமை இல்லை. இந்தியாவில் கிழமையோடு தேதி சொல்லும் பழைய கல்வெட்டு மத்தியப் பிரதேசம் ஏரணில் உள்ளது. புத்தகுப்தர் காலம், கி.பி. 484, வியாழக்கிழமை.

இதையெல்லாம் குடும்பக் குழுவில் எழுதினேன். பெரியப்பா கேட்டார்: “அப்போ நம்மளது ஒண்ணுமே இல்லையாடா?”

அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. இருக்கு பெரியப்பா. வாரம் வருவதற்கு முன்பே நம்மவர்கள் வானத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பாரியைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் வெள்ளியும் வருகிறது, மைம்மீன் என்று சனியும் வருகிறது. கிழமைக் கணக்கு வந்தபோது ஞாயிறு, திங்கள், செவ்வாய், வெள்ளி என்று கையில் இருந்த பெயர்களையே மாட்டினார்கள். மதுரை எரிந்தது வெள்ளிக்கிழமை என்கிறது சிலப்பதிகாரம். புதனும் சனியும் மட்டும் வடமொழியிலேயே தங்கிவிட்டன.

ஆங்கிலேயர் முன்னோரும் இதைத்தான் செய்தார்கள். ரோமானியத் தெய்வங்களுக்குப் பதிலாக டியூ, வோடன், தோர், ஃபிரிக் என்று தங்கள் தெய்வங்களைப் போட்டார்கள். சனியை மட்டும் லத்தீனிலேயே விட்டார்கள். சாட்டர்டே!

இன்னொன்றும் இருக்கிறது. வடமொழியில் ‘வாரம்’ என்றால் முறை, தடவை. தமிழில் ‘கிழமை’ என்றால் உரிமை. ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள் என்று பள்ளியில் படித்தோமே, அதே கிழமை. கோவூர் கிழார் என்ற பெயரில் இருப்பதும் அதே வேர்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கு உரிமையான நாள். முதல் மணிக்கு உரியவனுக்கே நாள் சொந்தம் என்ற அந்த முழுக் கணக்கையும் ஒரே சொல்லில் பிடித்துவிட்டார் யாரோ ஒரு தமிழர். கணக்கு வெளியிலிருந்து வந்தது. அதைப் புரிந்துகொண்டு பெயர் வைத்தது நாம்.

பெரியப்பாவுக்கு இதை அனுப்பினேன். “இது போதும்டா” என்றார்.