இணையதளங்களில் டார்க் மோட்: சராசரி வாசகரும் உண்மை வாசகரும்

2018இல் ஆப்பிளின் மொஹாவி இயங்குதளமும், 2019இல் ஐஓஎஸ் 13, ஆண்ட்ராய்டு 10 ஆகியவையும் கருநிறப் பின்னணியில் வெளிர்நிற எழுத்தைக் காட்டும் டார்க் மோடைப் பொது வழக்காக்கின. 2024 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவும் தன் வாசகர்கள் எல்லோருக்கும் அதைத் திறந்துவிட்டது. மற்ற இணையதளங்களும் இதைத் தரவேண்டுமா? தரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. கண்ணுக்கு நல்லது, பேட்டரி மிச்சமாகும் என்று வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்களும் பாதி உண்மைகளே. அவற்றைவிட வலுவான காரணம், வாசிப்பவர்களின் கண்கள் ஒன்றுபோல் இல்லை என்பது.

டார்க் மோடுக்கு எதிரான சான்றிலிருந்து தொடங்குவதே முறை, ஏனெனில் அது கனமானது. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் ஆக்செல் புக்னரும் அவருடைய குழுவினரும் மெய்ப்புத் திருத்தும் பணியைக் கொடுத்துச் சோதித்தார்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் படித்தவர்களே பிழைகளைச் சிறப்பாகக் கண்டுபிடித்தார்கள். அறை வெளிச்சமாக இருந்தாலும் இருட்டாக இருந்தாலும் முடிவு மாறவில்லை என்று 2007இல் வெளியான ஆய்வு கூறியது. இளையோர், முதியோர் இரு சாராருக்கும் இது பொருந்தும் என்று 2013 ஆய்வு காட்டியது. விளக்கம் கண்ணின் பாவையில் இருக்கிறது. திரை பிரகாசமாக இருக்கும்போது பாவை சுருங்குகிறது. அதனால் விழித்திரையில் விழும் உருவம் கூர்மையடைகிறது. எழுத்து சிறுக்கச் சிறுக்க இந்த அனுகூலம் கூடுகிறது என்பது அதே குழுவின் 2014ஆம் ஆண்டு முடிவு.

தமிழ் வாசகருக்கு இந்தக் கடைசி முடிவு முக்கியமானது. ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் நம் எழுத்தில் மெய்யும் உயிர்மெய்யும் பிரிகின்றன. ண, ன இரண்டையும் பிரிப்பது ஒரு சுழி. கைபேசித் திரையில் இவை மிக நுண்ணியவை. கறுப்பின்மேல் வெள்ளை தன் அளவைவிடப் பெரிதாகத் தோன்றும் இயல்பை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் விவரித்திருக்கிறார். அப்படித் தோன்றும்போது சுழிகள் அடைபட்டதுபோலவும் புள்ளி எழுத்தோடு ஒட்டியதுபோலவும் தெரிய இடமுண்டு. தமிழ்த் தளங்கள் டுசல்டோர்ஃப் சான்றைப் புறந்தள்ளக்கூடாது என்று நான் கருதுவது இதனால்தான்.

ஆனால் அந்தச் சோதனைகள் சொல்வது சராசரியைப் பற்றி. 1985இல் கார்டன் லெக்கும் அவருடைய சகாக்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் வாசிப்பை அளந்தபோது, கண்ணின் ஒளி ஊடகம் கலங்கியவர்கள் கறுப்பின்மேல் வெள்ளை எழுத்தையே வேகமாகப் படித்தார்கள். கண்புரை உள்ளவரை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். கலங்கிய வில்லை வழியே வரும் வெளிச்சம் சிதறுகிறது. பக்கம் முழுதும் வெண்மையானால் சிதறும் ஒளி எழுத்தையே மூடிவிடுகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களில் பலருக்கு வெள்ளைத் திரையே வேதனை. மறுபக்கம், கண்ணில் சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர் பலருக்குக் கறுப்பின்மேல் உள்ள வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி கசிந்து வரிகள் மங்குகின்றன. ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்குத் தடை. இந்த இருவருக்கும் ஒரே பின்னணியை வைத்துப் பக்கம் அமைக்க எந்த வடிவமைப்பாளராலும் முடியாது. ஆகவே தேர்வு வாசகரிடம் இருக்கவேண்டும். டார்க் மோடை அழகியல் விருப்பமாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

டார்க் மோட் கிட்டப்பார்வையைத் தடுக்கும் என்ற வாதத்துக்கு 2018இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவதுண்டு. விழித்திரைக்குப் பின்னுள்ள, மெலிந்தால் கிட்டப்பார்வைக்கு இடம்தரும் என்று கருதப்படும் கோராய்டு படலம், வெள்ளையின்மேல் கறுப்பைப் படித்தபோது ஒரு மணி நேரத்தில் சுமார் 16 மைக்ரான் மெலிந்தது. மாற்றிப் படித்தபோது சுமார் 10 மைக்ரான் தடித்தது. கவனிக்கத்தக்க முடிவுதான். ஆனால் ஏழு பேரிடம் கண்டதை வைத்துப் பரிந்துரை எழுத முடியாது.

பேட்டரிக் கணக்கும் இப்படியே. பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் ஓலெட் திரையுள்ள கைபேசிகளை அளந்தது. பிரகாசம் 30 முதல் 50 சதவீதம் இருக்கும்போது மிச்சம் சராசரியாக 3 முதல் 9 சதவீதம். பிரகாசம் முழுதாக இருந்தால் மட்டுமே அது 39 முதல் 47 சதவீதமாகிறது. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் சொல்லத்தக்க பயன் இல்லை.

நடைமுறையில் மிகப் பெரிய சிக்கல், அரைகுறையாகச் செய்வது. வாசகரின் கருவியில் உள்ள விருப்பத்தைத் தளம் அறிந்துகொள்ளும் வசதி 2019லிருந்தே முக்கியப் பிரவுசர்களில் இருக்கிறது. அதன்படி நிறம் மாற்றும் நிரல் சில வரிகள்தான். பக்கத்தில் முன்பே சிதறிக்கிடக்கும் நிறங்கள்தான் தொல்லை. விக்கிப்பீடியாவில் வார்ப்புருக்களிலும் அட்டவணைகளிலும் நிறங்கள் நேரடியாக எழுதப்பட்டிருந்தன. பின்னணி மாறியதும் வெளிர்நிறக் கட்டத்தில் வெளிர்நிற எழுத்து நின்றது. பின்னணியற்ற கோட்டுப்படங்கள், வேதியியல் வரைபடங்கள் போன்றவை கறுப்பில் கரைந்தன. பங்களிப்பாளர்கள் இவற்றைத் தேடித்தேடித் திருத்தவேண்டியிருந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு விகிதம் வேண்டும் என்கிறது இணைய அணுகல் நெறிமுறை. அவசியமான விதிதான், ஆனால் போதாது. நிறங்களை இடம் மாற்றினாலும் அந்த விகிதம் மாறாது. கண்ணின் அனுபவமோ மாறிவிடுகிறது. தூய கறுப்பின்மேல் தூய வெள்ளை இந்த விதியை எளிதாகத் தாண்டிவிடும், ஆயினும் நீண்ட வாசிப்பில் உறுத்தும். கரும்சாம்பல்மேல் சற்று மங்கிய வெள்ளையும், ஓரிழை மெல்லிய எழுத்துருவும் நல்ல தீர்வுகள்.

பிரவுசரோ கைபேசியோ நிறங்களைத் தானே திருப்பிக்கொள்ளுமே, தளம் ஏன் மெனக்கெடவேண்டும் என்று கேட்கலாம். திருப்பும் கருவிக்கு எது படம், எது எழுத்து, எது எச்சரிக்கை நிறம் என்ற பொருளறிவு குறைவு. அது பக்கத்தை எழுதியவருக்கே தெரியும். இரண்டு நிமிடத்தில் நிரப்பி முடிக்கும் ஒரு படிவத்துக்கு இந்த உழைப்பு இப்போதைக்குத் தேவையில்லை என்றால் ஒப்புக்கொள்வேன். மணிக்கணக்கில் படிக்கப்படும் நாளிதழ், மின்நூலகம், பாடநூல் தளங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இத்தளங்கள் வெள்ளைப் பின்னணியை இயல்புநிலையாக வைத்து, வாசகரின் கருவி வேறு விரும்பினால் அதற்கு இணங்கவேண்டும். பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளும் பொத்தானும் கண்ணில் படும் இடத்தில் இருக்கவேண்டும். வெளியிடும் முன், தங்கள் சொந்த எழுத்துருவில், சிறிய அளவில், கண்புரையோ சிதறல் பார்வையோ உள்ள முதியவர்கள் சிலரிடம் இரண்டு பின்னணிகளையும் படிக்கக் கொடுத்துப் பார்க்கும்படி தமிழ்த் தளங்களின் ஆசிரியர்களையும் வடிவமைப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.