துக்கடாவும் வள்ளலும்

தமிழிசை இயக்கத்தின் வரலாறு நம்மிடம் பெரும்பாலும் ஒரு வள்ளலின் கொடைக் கணக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி வைத்தார். பின்னர் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. 1941இல் அங்கே கூடிய மாநாடு, மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் கேட்டது. எல்லாம் சரிதான். ஆனால் கல்லூரி வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு கடைசித் துக்கடாவாகத்தானே கிடந்தது? பாடத்திட்டம் மட்டும் மேடையை மாற்றிவிடாது.

மாற்றம் வளாகத்துக்கு வெளியே நடந்த சண்டையில்தான் தொடங்கியது. மியூசிக் அகாதெமி எதிர்த்தது. ராஜாஜியும் கல்கியும் ஒரு பக்கம், பெரியார் இன்னொரு பக்கம் என ஆதரவு திரண்டது. அந்தச் சூட்டில் 1943இல் சென்னையில் பிறந்ததுதான் தமிழ் இசைச் சங்கம். பல்கலைக்கழகத்தால் உண்டாக்க முடியாத ஒரு கேட்போர் கூட்டத்தை அது உண்டாக்கியது.

தமிழில் பாடினால் போதுமா, எதைப் பாடுவது என்று பெரியார் அப்போதே கேட்டார். நான் இன்னொன்றும் கேட்பேன்: யாருடைய இசை? 1949இல் சங்கம் தொடங்கிய ஆராய்ச்சி தேவாரப் பண்களைப் பற்றியது. பறையும் ஒப்பாரியும் அதன் பொருளாகவில்லை. பாட்டின் மொழி மாறியது. மேடையின் படிநிலை அப்படியே நின்றது.

2013இல் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டது. வள்ளல் இடத்தில் இப்போது அரசாங்கம். வாசல் யாருக்குத் திறந்திருக்கு என்ற கேள்வியை இனி அங்கேதான் கேட்க வேண்டும்.