திருக்கோகர்ணத்து மகளும் செவிலியர் சுமையும்

புதுக்கோட்டை நகரோடு இன்று ஒன்றிவிட்ட திருக்கோகர்ணத்தைப் பலரும் அங்குள்ள குடைவரைக் கோயிலைக் கொண்டே அறிவர். அக்கோயிலில் வீற்றிருக்கும் பிரகதாம்பாள் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். அவ்வம்மையின் உருவம் பொறித்த சிறு செப்புக் காசே 'அம்மன் காசு' என நாடெங்கும் வழங்கிற்று. வேறு சிலர் அரசு அருங்காட்சியகத்தைக் காண அவ்வூருக்கு வருவர். நாம் அவ்வூரை நினைவுகூர்வதோ 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் அங்கே பிறந்த ஒரு பெண்மகவின் பொருட்டாகும். பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என நாடறிந்தவர் அவர்.

மகாராஜா கல்லூரியின் முதல்வராயிருந்த நாராயணசாமி ஐயருக்கும், இசை வேளாளர் குலத்தவரான சந்திரம்மாளுக்கும் பிறந்த அவர், ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்க்கப்பட்டதையும், 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அடியெடுத்து வைத்ததையும், 1912இல் பட்டம் பெற்றதையும், சட்டமன்ற மேலவையில் துணைத் தலைவராகி தேவதாசி முறையை எதிர்த்து முழங்கியதையும் நம் பள்ளிப் பிள்ளைகள் பாடநூலிலேயே படித்துவிடுகிறார்கள். அவற்றை இங்கே விரித்துரைப்பது நம் நோக்கமன்று. அவர் தேர்ந்துகொண்ட தொழில், அதைச் செய்வோரை எப்படி நடத்திற்று, இன்று எப்படி நடத்துகிறது என்பதே நம் வினா. வீரக் கதைகளைச் சொல்லும்போது இவ்வினா எப்படியோ நழுவிப்போகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெண் மருத்துவர் என்றால் அவருக்கு மாற்றாள் கிடையாது. பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணை ஆடவர் தொட்டுப் பார்க்கலாகாது எனக் குடும்பங்கள் கதவடைத்த காலம் அது. எனவே ஒரு நகருக்கு ஒரு பெண் மருத்துவர் வாய்த்துவிட்டால், நகரின் அத்தனை பேறுகளும் அவர் தலைமேல் விழும். பகலென்றும் இரவென்றும் பேறுகாலம் பார்ப்பதில்லை அல்லவா?

இந்நிலையை மிகக் கூர்மையாக உணர்ந்தவர் நம் திருச்சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணி. ஆஸ்திரிய நாட்டின் டிரோல் மலைப்பகுதியிற் பிறந்த அன்னா டெங்கல், அயர்லாந்தில் மருத்துவம் பயின்று, 1920இல் ராவல்பிண்டி நகரின் புனித கத்தரீனாள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். திரைக்குப் பின்னே வாழ்ந்த இசுலாமியப் பெண்கள் ஆடவ மருத்துவரை அணுக மறுத்தனர். மருத்துவமனைக்கு மருத்துவர் என்று இருந்தவரோ இவர் ஒருவரே. பெருகிவந்த கூட்டத்தைத் தனியொருத்தியாய்த் தாங்குவது இயலாது என்பதை நான்காண்டுகளில் அவர் கண்டுகொண்டார். அவ்விடத்தில் நம்மிற் பலர், 'இன்னும் சற்று அதிகமாகச் செபிப்போம், இன்னும் சற்று அதிகமாக உழைப்போம்' என்றுதான் எண்ணியிருப்போம். அவரோ, குறை தம் பக்தியில் அன்று, ஏற்பாட்டில்தான் என்று கண்டார். மருத்துவம் கற்ற அருட்சகோதரிகள் பலர் சேர்ந்து பணிபுரிந்தாலன்றி இதற்குத் தீர்வில்லை என்பது அவர் முடிவு.

ஆனால் துறவற சபையினர் மருத்துவத் தொழில் புரிவதற்கும், குறிப்பாக மகப்பேற்றுப் பணியில் ஈடுபடுவதற்கும் அக்காலத் திருச்சபைச் சட்டம் தடையாயிருந்தது. அதனால் 1925இல் வாஷிங்டன் நகரில் அவர் தொடங்கிய மருத்துவ மறைபணிச் சகோதரியர் குழு, வெளிப்படையான துறவற வாக்குறுதிகள் இல்லாத ஒரு பக்திச் சங்கமாகவே இயங்க வேண்டியதாயிற்று. 1936 பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் விழாவன்று, உரோமை அத்தடையை நீக்கியது. இதற்கிடையே, ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி சிறப்பு அனுமதி பெற்றுத் துறவியாகி, 1920 முதல் குண்டூரில் பணியாற்றி வந்தார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவியவர் அவரே. தனியாள் தாங்கிய சுமையைப் பலர் தோளுக்கு மாற்றுவதற்குச் சட்டமே திருத்தப்பட வேண்டியிருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது புதிய ஞானமும் அன்று. விடுதலைப் பயண நூலில், காலை முதல் மாலைவரை தனியொருவராய் அமர்ந்து மக்களுக்கு நீதி வழங்கிய மோசேயைக் கண்டு அவருடைய மாமனார் இத்திரோ என்ன செய்தார்? மருமகனின் உழைப்பைப் பாராட்டவில்லை. 'இது நல்லதன்று, நீரும் தளர்வீர், மக்களும் தளர்வர்' என்ற கருத்துப்படக் கடிந்துரைத்து, ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். சாகவேண்டுமென்று சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவுக்கும் வானதூதர் முதலில் அருளுரை வழங்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டார்.

இத்தளர்ச்சிக்கு மேனாட்டார் இட்ட பெயர் 'பர்ன் அவுட்'. எண்ணெய் வற்றிய திரி கருகுவதுபோல் உள்ளம் கருகிப்போதல் எனப் பொருள் கொள்ளலாம். நம்மவர் 'பணிச்சோர்வு' என்கிறார்கள். இச்சொல் எங்கே மருத்துவ வழக்கிற்கு வந்தது என்பது சிந்திக்கத்தக்கது. நியூயார்க்கில் போதைப்பழக்கத்திற்கு ஆளான ஏழை இளைஞர்க்கென நடந்த ஓர் இலவச மருத்துவகத்தில் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்னும் உளவியலறிஞர் தொண்டாற்றினார். பகலில் தம் தொழில், இரவில் தொண்டு. உடன் உழைத்த தன்னார்வலர் ஓராண்டுக்குள் உடல் சோர்ந்து, எரிச்சல் மிகுந்து, நோயாளரையே வெறுக்கத் தொடங்கியதைக் கண்டார். தம்மிடத்திலும் அதையே கண்டார். 1974இல் அதைக் கட்டுரையாக்கினார். சோம்பேறிகள் நடுவிலன்று, தம்மையே வழங்கத் துடித்தவர்கள் நடுவில்தான் இந்நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது.

பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார் இதற்கு மூன்று முகங்கள் உண்டென்று காட்டினார்: உள்ளம் வற்றுதல், பிறரை மனிதராய்க் காணாமை, தம் பணியால் பயனில்லை என்னும் எண்ணம். அரசு மருத்துவமனைக்குச் சென்று வந்தவர்கள், 'அந்த நர்சம்மா வள்ளென்று விழுகிறாள்' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வம்மையின் குணக்கேடு என்று நாம் தீர்ப்பிட்டுவிடுகிறோம். அந்த இரண்டாம் முகமே அது என எவரும் எண்ணுவதில்லை. காரணங்களைத் தேடிய மாஸ்லாக்கும் அவருடைய துணையாசிரியரும் 1997இல் சுட்டியவை ஆளின் குறைகள் அல்ல. வேலைப்பளு, தன் வேலையில் தனக்கு உரிமையின்மை, போதாத ஊதியம், பிளவுபட்ட உறவுகள், நீதியின்மை, கொண்ட விழுமியத்திற்கு எதிராக நடக்கும்படி நேர்தல் ஆகிய ஆறு. உலக நலவாழ்வு நிறுவனமும் 2019இல் இதனை நோய் என்று வகைப்படுத்தாமல், சரிவரக் கையாளப்படாத பணியிட நெருக்கடியின் விளைவு என்றே வரையறுத்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சற்று நிற்போம். தமிழ்நாட்டில் செவிலியரை நாம் 'சிஸ்டர்' என்றழைக்கிறோம். கன்னியர் மடங்களிலிருந்து மருத்துவமனை வார்டுக்கு வந்த சொல் அது. அருட்சகோதரிக்குப் பின்னே ஒரு மடம் உண்டு. வேளைக்கு உணவும், நோயுற்றால் பார்ப்பதற்கு ஆளும், செபத்திற்கும் ஓய்வுக்கும் மணியடிக்கும் ஒழுங்கும் உண்டு. முதுமையிலும் சபை கைவிடாது. இல்லறத்துச் செவிலிக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் உண்டு. துறவியின் தியாகத்தை மட்டும் அவளிடம் எதிர்பார்த்து, துறவியைத் தாங்கும் ஏற்பாட்டை நாம் அவளுக்கு மறுத்துவிட்டோம். 'சிஸ்டர்' என்று அன்போடு அழைக்கும்போதே, உடன்பிறந்தவளுக்குக் கூலி எதற்கு என்னும் நினைப்பும் உள்ளே ஒளிந்திருக்கிறதோ என்று நமக்கு ஐயம்.

முத்துலட்சுமி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தின் கனியாக 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. தொடக்கத்தில் 12 படுக்கைகள். அடுத்த ஆண்டு அங்கு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, மாதம் 200 ரூபாய் ஊதியத்தில், அவ்வளாகத்துக்குள்ளேயே குடியேறி, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவரை வணங்குகிறோம். எனினும், புனிதர்கள் செய்ததைக் கொண்டு பணிநேரப் பட்டியல் போடலாகாது. தாமே உவந்து தருவது வேறு. தராவிட்டால் வேலை போய்விடும் என்பதால் தருவது வேறு.

இனி, அம்மையாரின் பெயராலேயே நடப்பதைப் பார்ப்போம். ஏழைத் தாய்மார்க்கு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியது. 2006இல் 6,000 ரூபாயாகவும் 2011இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்து, பின்னர் 18,000 ஆயிற்று. நல்ல திட்டம், குறை சொல்வதற்கில்லை. அதைத் தாயிடம் கொண்டு சேர்ப்பவர் கிராம சுகாதார செவிலியர். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலி என்பது கணக்கு. கருவுற்ற பெண்ணைக் கண்டறிதல், பதிவு செய்தல், இரத்தச் சோகை பார்த்தல், புதன்கிழமை தோறும் தடுப்பூசி, குடும்பநலம், வீடுதோறும் செல்லுதல், பின் இவை அனைத்தையும் ஏட்டிலும் 'பிக்மி' எனப்படும் கணினிப் பதிவிலும் ஏற்றுதல் என வேலை நீள்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் அப்பதிவெண் வேண்டும் என்றான பிறகு, பதிவில் பிழை நேர்ந்தால் ஊரார் கோபமும் அவள்மீதே. ஒரு தாய் இறந்துவிட்டால் தணிக்கை நடக்கும். தணிக்கையின் நோக்கம் குறையைக் கண்டறிவதுதான். ஆனால் மேலதிகாரிகள் சூழ்ந்திருக்க, விடை சொல்ல நிற்கும் கடைநிலைப் பெண்ணுக்கு அது குற்றவாளிக் கூண்டாகவே தோன்றும். தமிழகத்தில் தாய் இறப்பு, 2018-20 கணக்கெடுப்பின்படி, இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 என்றளவுக்குத் தாழ்ந்தது. அப்பெருமை இப்பெண்களின் கால்நடையால் வந்தது.

ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்துவைக்க, நிலையத்துக்கு மூன்று செவிலியர் என ஏற்பாடாயிற்று. ஒருவர்க்கு எட்டு மணி நேரம் வீதம் மூன்று முறைப்பணி. கணக்கு சரியாகவே தோன்றும். வார விடுமுறை எங்கே? ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்ற இருவர் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். பொது மருத்துவமனைகளில் ஐந்து படுக்கைக்கு ஒரு செவிலியும், அதற்கு மேல் விடுப்புக்கு ஈடாக 30 விழுக்காடும் வேண்டும் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெறி. நம் வார்டுகளில் இரவு நேரத்தில் படுக்கைகளை எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

2015இல் 7,000க்கும் மேற்பட்ட செவிலியரை அரசு மருத்துவத் தேர்வு வாரியத்தின் வழியே ஒப்பந்த முறையில் எடுத்தது. மாத ஊதியம் 7,700 ரூபாய்; ஈராண்டில் நிரந்தரம் என்னும் நம்பிக்கை. அவ்வாண்டில் அவர்கள் பேறு பார்த்த தாய்க்கு முத்துலட்சுமி அம்மையாரின் பெயரால் 12,000 ரூபாய் உதவி. 2017 நவம்பர் இறுதியில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினார்கள். உயர்நீதிமன்றம் போராட்டத்தைக் கைவிடச் சொல்ல, திரும்பினார்கள். கொரோனாக் காலத்தில் கைதட்டி வாழ்த்தினோம். அக்காலத்திற்கென எடுக்கப்பட்டவர்களுள் 2,000க்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31உடன் பணி முடிந்துவிட்டது.

மருத்துவர் நிலையும் இதுவே. பயிற்சி மருத்துவர்க்குத் தொடர்பணி சாதாரணமாகப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் கூடாது, வாரம் 48 மணி நேரம் என்று நடுவணரசு 1992இலேயே ஆணையிட்டது. 2024 ஆகஸ்ட் 9ஆம் நாள் கொல்கத்தாவில் ஓர் இளம் மருத்துவர் கொடுமைக்காளாகிக் கொல்லப்பட்டபோது, அவர் நெடுநேரத் தொடர்பணியிலிருந்து, ஓய்வறை என ஒன்று இல்லாமையால் கருத்தரங்கக் கூடத்தில் கண்ணயர்ந்திருந்தார். இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த ஆணை கோப்பில் உறங்கிற்று.

அரசை மட்டும் சுட்டிக்காட்டி நாம் தப்பிக்க இயலாது. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இலேயே தொழிலாளர் ஊதியத்தையும் ஓய்வையும் பற்றித் திருமடல் எழுதினார். 1981இல் இரண்டாம் யோவான் பவுல் அதனை மேலும் விரித்தார். இம்மடல்களை நம் பேராலயங்களில் விளக்கியவர்கள் எத்தனை பேர்! 2012லும் 2017லும் கேரளத்துச் செவிலியர் ஊதியங்கேட்டு எழுந்தபோது, போராட்டம் நடந்த வாயில்களுள் சிலுவை பொறித்த வாயில்களும் இருந்தன. சிறு மருத்துவமனைகளிலும் செவிலியர்க்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாதென 2016இல் உச்சநீதிமன்றத்தின் பணிப்பின்பேரில் அமைந்த குழு பரிந்துரைத்தது. சிறு நகரத்து மிஷன் மருத்துவமனை அதைக் கொடுத்தால் ஏழைக்கு இலவச மருந்து கொடுக்க இயலாது என்று நிர்வாகிகள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அப்போது, ஏழைக்கு நாம் தருவதாகப் பெருமைப்படும் தருமம் உண்மையில் யாருடைய பணம்? வார்டில் நிற்கும் பெண்ணின் சம்பளத்தில் பிடித்த பணம் அல்லவா? கணக்கேட்டில் அவள் பெயரைக் கொடையாளர் பட்டியலில் எழுதும் நேர்மையேனும் நமக்கு வேண்டாமா?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தமிழகத்து ஒப்பந்தச் செவிலியர்க்கு ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டு வந்தது. பிறர் பிள்ளைகளை ஏந்தும் பெண்கள் தம் பிள்ளையைப் பெறுவதற்கு ஊதியத்தை இழக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய சங்கம் வழக்குத் தொடுத்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. திருக்கோகர்ணத்தில் முத்துலட்சுமி பிறந்து அப்போது 138 ஆண்டுகள் ஆகியிருந்தன.